கே 86.1: நம் ஊர்க் கல்லுக்கு ‘மற்றவை’ என்று பெயர்

அமெரிக்காவில் ஒருவர் நடுராத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். மேல்வயிற்றில் கிளம்பிய வலி முதுகு வரை குத்துகிறது. பித்தப்பையில் இருந்த கல் நழுவி வந்து குழாயை அடைத்ததில் கணையம் வீங்கிவிட்டது. வீங்கியதில் ஒரு பகுதி அழுகி, அழுகிய இடத்தில் கிருமியும் புகுந்துவிட்டது. ஒருவழியாகப் பிழைத்து அவர் வீட்டுக்குப் போன பிறகு, அவருடைய கேஸ் ஷீட் ஒரு கம்ப்யூட்டர் திரையில் திறக்கிறது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர், ராஜபாளையத்திலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ கிளம்பிப் போய் மதுரையிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் பி.எஸ்சி. பட்டதாரியாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர் பக்கங்களைப் புரட்டிப் படித்துவிட்டு ஒரு கோடு தட்டுகிறார்: கே 85.12.

கே என்றால் செரிமான உறுப்புகள். 85 என்றால் திடீர்க் கணைய அழற்சி. அடுத்து வரும் 1, காரணம் பித்தக்கல் என்கிறது. கடைசி 2, திசு அழுகிக் கிருமியும் தொற்றிவிட்டது என்கிறது. அழுகியது உண்மை, கிருமி இல்லை என்றால் அந்த இடத்தில் 1 வரும். அழுகவே இல்லை என்றால் 0.

தமிழ்நாட்டில் மெடிக்கல் கோடிங் என்ற வேலை இன்று ஐ.டி. வேலைக்கு அடுத்தபடி கல்யாணப் பேச்சில் அடிபடும் வேலை. நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, விலங்கியல், மைக்ரோபயாலஜி படித்தவர்கள் ‘சி.பி.சி.’ என்ற அமெரிக்கத் தேர்வை எழுதிவிட்டு இதில் சேர்கிறார்கள். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் காயம் கட்டுகிறது. அதே வட்டாரத்துப் பிள்ளைகள் இப்போது காயத்துக்குக் கோடும் போடுகிறார்கள்.

கோடு எதற்கு? அங்கே காசு அதை வைத்துத்தான் வருகிறது. அமெரிக்காவின் மெடிகேர் திட்டத்தில் உள்நோயாளிகளுக்கான பணம் நோய்க்குழு வாரியாகப் பட்டுவாடா ஆகிறது. புற்றுநோய் அல்லாத கணையக் கோளாறுகளுக்கு 438, 439, 440 என்று மூன்று குழுக்கள். கூடவே வந்த சிக்கல் எவ்வளவு கடுமையோ அதற்கேற்ப குழு மாறும், குழு மாறினால் தொகையும் மாறும். 2015 அக்டோபர் வரை அங்கே திடீர்க் கணைய அழற்சி முழுவதற்கும் 577.0 என்ற ஒரே எண்தான் இருந்தது. அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-10க்கு மாறினார்கள். 2016 அக்டோபரில் அதையும் இன்னும் பிரித்தார்கள். ஆறு காரணம், காரணத்துக்கு மூன்று நிலை என்று இப்போது 18 கோடுகள்.

ஒரு சார்ட்டைப் பிரித்துப் பார்த்தால் வேலையின் நுணுக்கம் புரியும். லேப் ரிப்போர்ட்டில் லைபேஸ் என்ற கணைய என்சைமின் அளவு எக்கச்சக்கமாக எகிறியிருக்கிறது. வலி இருக்கிறது. மூன்றில் இரண்டு அத்தாட்சி இருந்தால் திடீர்க் கணைய அழற்சி என்று முடிவு கட்டலாம் என்பது 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாட்டின் விதி. அந்த மூன்று: இந்த நோய்க்கே உரிய வலி, இயல்பின் உச்ச அளவைப்போல் மும்மடங்காவது ஏறிய அமிலேஸ் அல்லது லைபேஸ், ஸ்கேனில் தெரியும் வீக்கம். கோடருக்கும் இந்த விதி தெரியும். இருந்தாலும் லேப் எண்ணை மட்டும் வைத்து அவர் கே 85 போடக் கூடாது. டாக்டர் அந்த நோயின் பெயரை எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் ‘க்வெரி’ அனுப்ப வேண்டும். ‘சந்தேகம்’ என்று டாக்டர் எழுதினால் இன்னொரு கூத்து. படுத்து வைத்தியம் பார்த்தவர் வீடு திரும்பும்போதும் சந்தேகம் தீராமல் இருந்தால், நோய் இருப்பதாகவே கொண்டு கோடு போடலாம். வெளிநோயாளியாக வந்து போனவருக்கு அது செல்லாது. அவருக்கு ஆர் 10, அதாவது வெறும் வயிற்றுவலிதான். ஒரே வயிறு, ஒரே சந்தேகம், ஆனால் படுக்கை கிடைத்ததா இல்லையா என்பதைப் பொறுத்து நோய் மாறுகிறது.

இந்தக் கணையம் அப்படி என்ன செய்கிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு கேட்பது பொருத்தம். கோயில் வாசல் பக்கக் கடையில் ஒரு துண்டு பால்கோவா வாங்கி வாயில் போடுங்கள். பாலின் கொழுப்பு, பாலின் புரதம், அதோடு வஞ்சனையில்லாத சர்க்கரை. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, சுமார் 15 செ.மீ. நீளத்தில் கிடக்கும் கணையம் கொழுப்பைப் பிளக்க லைபேஸையும், புரதத்தைப் பிளக்க டிரிப்சினோஜெனையும் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைச் சமாளிக்க இன்சுலினை நேரே ரத்தத்தில் விடுகிறது. ஒரே உறுப்புக்குள் இரண்டு தொழில். நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் செரிமான நீர் குழாய் வழியாகப் போகிறது. இன்சுலின் சுரக்கும் திட்டுகளோ உறுப்பின் எடையில் நூற்றுக்கு ஓரிரு பங்குதான்.

இரண்டு தொழில் என்பதால் கோடுப் புத்தகத்திலும் கணையம் ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. அழற்சி கே-யில். சர்க்கரை ஈ-யில். புற்றுநோய் சி 25இல். அதிலும் தலைப்பகுதிக்கு 25.0, உடலுக்கு 25.1, வாலுக்கு 25.2. புட்டாளம்மை வந்து கணையம் வீங்கினால் பி 26.3 என்று தொற்றுநோய் அத்தியாயத்துக்குப் போய்விடும். விபத்தில் அடிபட்டால் எஸ் 36.2. பிறவியிலேயே கணையம் இல்லாவிட்டால் கியூ 45.0. கொழுப்பு செரிக்காமல் மலம் எண்ணெய்ப் பசையாகப் போனால் கே 90.3. ஆஸ்பத்திரியில் இந்த எல்லாமும் ஒரே டாக்டரிடம் வரலாம். கணக்கெடுப்பில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே வாய்ப்பில்லை.

இனி நம் கதைக்கு வருவோம்.

திருமங்கலத்தில் பிரிந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாக மலையைக் கடக்கும் தேசிய நெடுஞ்சாலை 744, கொல்லத்தில் போய் முடிகிறது. அந்த மலைக்கு அப்பால் கேரளத்தில், பி.ஜே. கீவர்கீஸ் என்ற மருத்துவர் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஒரு விநோதமான நோயாளிக் கூட்டத்தைப் பதிவு செய்துகொண்டே வந்தார். எல்லோரும் ஒல்லி. பெரும்பாலும் ஏழைகள். பள்ளிக்கூட வயதில் விட்டு விட்டு வயிற்றுவலி. வளர்ந்த பிறகு சர்க்கரை நோய். எக்ஸ்ரே எடுத்தால் முதுகெலும்பின் இரு பக்கமும் கணையம் இருக்கும் இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கற்கள். மதுவைத் தொட்டதே இல்லை. பலர் நடுவயதைத் தாண்டவில்லை. இதேபோன்ற நோயாளிகளை 1959இல் சுயிடெமா என்ற டச்சு மருத்துவர் இந்தோனேசியாவிலிருந்து அறிவித்திருந்தார்.

சுண்ணாம்புக் கார்பனேட் கற்கள் குழாய்களில் அடைத்துக்கொண்டு, சுற்றிலும் நார் படர்ந்து, உறுப்பே சுருங்கிப் போகும் இந்த நோய்க்கு வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர் வந்தது. சர்க்கரையும் சேர்ந்துகொண்டால் ஃபைப்ரோகால்குலஸ் பேன்கிரியாட்டிக் டயாபெடிஸ், சுருக்கமாக எஃப்.சி.பி.டி. சென்னையில் டாக்டர் வி. மோகனின் குழு இதன் அறிகுறிகளையும் வரையறையையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்சுலின் இல்லாமல் முடியாத நிலையில் இருக்கும் எஃப்.சி.பி.டி. நோயாளிக்குக்கூட, முதல் வகை நீரிழிவுக்காரருக்கு வருவதுபோல் கீட்டோன் ஏறி மயக்கம் வருவது அரிது.

காரணம் என்ன? முதலில் பழி மரச்சீனிக் கிழங்கின் மேல் விழுந்தது. கேரளத்தில் ஏழை வீட்டுச் சாப்பாடு அதுதான். அதில் சயனைடு தரும் பொருள் உண்டு. அதைச் செயலிழக்கச் செய்யப் புரதம் வேண்டும். புரதம் இல்லாத ஏழையின் கணையம் கெடுகிறது. 1970களின் இறுதியில் கேட்க நேர்த்தியாக இருந்த வாதம் இது. ஆனால் கிழங்கே சாப்பிடாத ஊர்களிலும் கணையத்தில் கல் இருந்தது. கிழங்கை மூன்று வேளையும் சாப்பிட்ட எத்தனையோ பேர் நன்றாகவே இருந்தார்கள். கிழங்கு மெல்ல மெல்ல குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கியது.

அடுத்து மரபணுவின் முறை. கணையம் தயாரிக்கும் டிரிப்சினோஜென் குடலுக்குப் போன பிறகுதான் விழித்துக்கொள்ள வேண்டும். உள்ளேயே விழித்துக்கொண்டால் உறுப்பைத் தானே செரிக்கத் தொடங்கிவிடும். அப்படித் தவறி விழிப்பதை அமுக்கி வைக்க ஸ்பிங்க்1 என்ற மரபணு ஒரு புரதம் தயாரிக்கிறது. அந்த மரபணுவில் என்34எஸ் என்ற மாற்றம் இந்தியக் கணையக்கல் நோயாளிகளில் கணிசமானவர்களிடம் இருப்பதை 2002இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகள் உள்ளிட்டோர் காட்டினார்கள். பரம்பரைக் கணைய அழற்சியில் 1996இல் கண்டுபிடித்த டிரிப்சினோஜென் மரபணுக் கோளாறை இங்கே தேடியபோது கிடைக்கவில்லை. ஸ்பிங்க்1 மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதுமில்லை. ஆக மரபணு வாசலைத் திறந்து வைக்கிறது, உள்ளே வருவது எது என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது.

சரி, இந்த நோய்க்கு என்ன கோடு?

1985இல் உலக சுகாதார நிறுவனம் நீரிழிவை வகைப்படுத்தியபோது, ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு என்று தனி வகை ஒன்றை ஏற்படுத்தியது. அதற்குள் இரண்டு பிரிவு. ஒன்று கல் உள்ள எஃப்.சி.பி.டி., இன்னொன்று கல் இல்லாமல் புரதக் குறைவால் வருவதாகச் சொன்ன வகை. வெப்ப நாடுகளின் ஏழை நோயாளிகள் முதன்முறையாகப் பெரிய பட்டியலில் பெயர் பெற்றார்கள். 1990இல் ஒப்புதல் பெற்ற ஐ.சி.டி.-10இலும் அதற்கு ஈ 12 என்று இடம் கிடைத்தது. பத்து ஆண்டுகூட ஆகவில்லை. 1999இல் அதே நிறுவனம் மறுபடி வகைப்படுத்தும்போது, ஊட்டக்குறைவுதான் காரணம் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அந்த வகையையே எடுத்துவிட்டது. கல் உள்ள வகை, ‘கணையத்தின் செரிமானப் பகுதி நோய்களால் வரும் நீரிழிவு’ என்ற கூட்டத்தில் சேர்ந்தது. கல் இல்லாத வகைக்கு உட்கார இடமே இல்லை.

வகை போய்விட்டது, கோடு மட்டும் போகவில்லை. ஐ.சி.டி.-10 புத்தகத்தில் ஈ 12 அப்படியே நின்றது. 2019இல் ஏற்று 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11இலும் 5ஏ12 என்று புது எண்ணோடு நிற்கிறது. ஆனால் அமெரிக்காவின் சொந்தப் பதிப்பில் ஈ 11க்குப் பிறகு நேரே ஈ 13. அமெரிக்க சார்ட் பார்க்கும் நம் ஊர் கோடர் வேலை நேரம் முழுவதும் உழைத்தாலும் ஈ 12 அவர் கண்ணிலேயே படாது.

அப்படியானால் எஃப்.சி.பி.டி. உள்ள நம் ஊர்க்காரருக்கு நடைமுறையில் என்ன போடுவார்கள்? கணையத்துக்கு கே 86.1. சர்க்கரைக்கு பெரும்பாலும் ஈ 13. முதலாவதன் முழுப்பெயர் ‘மற்ற நாள்பட்ட கணைய அழற்சி’. இரண்டாவதன் பெயர் ‘மற்ற குறிப்பிட்ட நீரிழிவு’. மற்றது, மற்றது. பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம். கணையத்தில் வரும் கல்லுக்கு இன்னும் தனி முகவரி இல்லை.

‘மற்றவை’ என்பது கேலிக்குரிய விஷயமில்லை. எந்தப் பட்டியலுக்கும் கடைசியில் ஒரு மூட்டை வேண்டும்தான். 1893இல் பாரீஸ்காரர் ஜாக் பெர்த்தியோன் மரணக் காரணப் பட்டியல் போட்ட காலத்திலிருந்து அது இருக்கிறது. கே 86.1இல் எனக்குப் பிடிக்காத இடம் வேறு. அந்த மூட்டைக்குள் கிருமியால் வருவது, திரும்பத் திரும்ப வருவது எல்லாவற்றோடும் ‘காரணம் குறிப்பிடப்படாதது’ என்பதும் சேர்ந்து கிடக்கிறது. காரணத்தைத் தேடித் தேடிக் களைத்தவரும், காரணம் எழுத மறந்தவரும் ஒரே எண்ணில் முடிகிறார்கள்.

கொச்சி அம்ருதா மருத்துவமனையின் டாக்டர் வி. பாலகிருஷ்ணன் தலைமையில் நாடெங்கும் பல மையங்கள் சேர்ந்து 1,086 நாள்பட்ட கணைய அழற்சி நோயாளிகளை ஆராய்ந்து 2008இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு சுமார் 39 பேருக்குக் காரணம் மது. சுமார் 60 பேருக்குக் காரணம் தெரியவில்லை. கீவர்கீஸ் காலத்துப் பழைய வரையறைக்கு அப்படியே பொருந்தியவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. ஏழைச் சிறுவனின் நோய் என்ற பழைய படம் மாறிவிட்டது. கல்லோடு வருகிறவர்கள் இப்போது வயதிலும் மூத்தவர்கள், அவ்வளவு மெலிந்தவர்களும் இல்லை. சென்னையில் மோகன் குழுவின் பதிவேடுகளிலும், நீரிழிவுக்காரர்களில் எஃப்.சி.பி.டி.யின் பங்கு 1990களுக்குப் பிறகு நன்றாகக் குறைந்திருக்கிறது. இதையெல்லாம் ஆர்வமுள்ள மருத்துவர்கள் தங்கள் நோட்டைப் புரட்டிச் சொன்னதால்தான் தெரிந்துகொண்டோம். அரசின் கோடுக் கணக்கை வைத்துச் சொல்ல வேண்டுமென்றால், கே 86.1 மூட்டையை அவிழ்த்துப் பார்க்க வழியே கிடையாது.

அந்த 60 பேரை நினைத்துக்கொண்டு ஒரு புறநோயாளிப் பிரிவில் நின்று கேளுங்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் நடக்கும் உரையாடல்தான்.

“தம்பி, தண்ணி அடிப்பியா?”

“இல்லங்க சார்.”

“உண்மையைச் சொல்லு. எப்பவாவது?”

பக்கத்தில் நிற்கும் அம்மா முந்திக்கொள்கிறார்: “எம்பிள்ள அந்தப் பக்கமே போக மாட்டான் டாக்டர். சின்னதுல இருந்தே வயித்துவலிக்காரப் பய.”

டாக்டர் கேட்டதில் தவறில்லை. மது கணையத்தைக் கெடுக்கும் என்பது உறுதியான உண்மை, கேட்காமல் விட முடியாது. ஆனால் அந்த அம்மாவின் இரண்டாவது வாக்கியத்தில்தான் நோய் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து வலி. அது கேஸ் ஷீட்டில் ஏறியதா என்பதுதான் கேள்வி. ஏறாமல், ‘நாள்பட்ட கணைய அழற்சி, ஆல்கஹால்?’ என்று ஒரு கேள்விக்குறியோடு மட்டும் போனால், கோடு போடும் இடத்தில் அந்தக் கேள்விக்குறி உதிர்ந்துபோக எல்லா வாய்ப்பும் உண்டு. கே 86.1 ஆக வேண்டியவர் கே 86.0 ஆகிவிடுவார். கே 86.0 என்றால் மதுவால் வந்த நாள்பட்ட கணைய அழற்சி.

ஒரு எண்ணுக்கு இவ்வளவு பேச்சா என்றால், அந்த ஒரு எண் பணத்தைத் தொடுகிறது. மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் எதற்கெல்லாம் பணம் கிடையாது என்பதை இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரே வாசகமாக வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறது. மதுப்பழக்கத்துக்கும் அதன் விளைவுகளுக்கும் பார்க்கும் சிகிச்சை அதில் 12ஆம் விலக்கு. ஒரு கேள்விக்குறியை வைத்துக் கிளைமைத் தள்ளுபடி செய்யலாமா கூடாதா என்று பிறகு கடிதம் எழுதி மல்லாடலாம். வீட்டில் கடன் வாங்கியாகிவிட்டது. காசு ஒரு பக்கம் இருக்கட்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் “பையனுக்குக் கணையமாம்” என்றால், எதிர்வீட்டுத் திண்ணை அதற்குச் சொல்லும் விளக்கத்துக்குக் கோடே தேவையில்லை.

எஃப்.சி.பி.டி. என்று தெளிவாக எழுதி வைப்பதில் வைத்தியப் பலனும் இருக்கிறது. இந்த நோயாளி சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் மட்டும் போதாது. சாப்பாட்டோடு என்சைம் மாத்திரையும் வேண்டும், இல்லையென்றால் சாப்பிட்டது ஒட்டாமல் எடை இறங்கிக்கொண்டே போகும். வெறும் ‘சுகர்’ என்று சீட்டு இருந்தால், அடுத்த டாக்டர் ஏற்கெனவே மெலிந்திருப்பவரிடம் இன்னும் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லிவிடுவார். குழாயில் அடைத்த கல்லை வெளியிலிருந்து அதிர்வலையால் உடைத்து எண்டாஸ்கோப்பி வழியே எடுக்கலாம். ஹைதராபாத்தில் ஏஷியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜி இதில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் கொண்டது. கல் பெரிதாக, வலி விடாமல் இருந்தால் குழாயைத் திறந்து குடலோடு இணைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. இன்னொன்று, யாரும் சொல்ல விரும்பாதது. வெப்பமண்டலக் கணைய அழற்சி உள்ளவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று 1994இலேயே ஓர் ஆய்வு காட்டியது. நாற்பது வயதில் ஒருவர் திடீரென்று இளைக்கிறார், வலியின் குணம் மாறுகிறது. பழைய சீட்டில் கணையக்கல் என்று இருந்தால் டாக்டர் உடனே ஸ்கேனுக்கு அனுப்புவார். ‘சுகர்’ என்று மட்டும் இருந்தால், சுகர் கூடிப்போச்சு என்று சொல்லி மருந்தைக் கூட்டுவார்.

கடைசியாக எழுதும் சீட்டிலும் இதே கதைதான். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, கடைசி நோயில் வைத்தியம் பார்த்த டாக்டர் மரணக் காரணச் சான்று தர வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தால் படிவம் 4, வீட்டில் என்றால் 4ஏ. அந்தப் படிவத்தில் மேலிருந்து கீழாக வரிகள் உண்டு. முதல் வரி, உடனடிக் காரணம். அது எதனால் வந்தது என்பது அடுத்த வரி. அது எதனால் என்பது அதற்கடுத்த வரி. சங்கிலியின் அடியில் இருப்பதைத்தான் மூலக் காரணமாக எடுத்துக் கோடு போடுவார்கள். கணையக்கல்லில் தொடங்கி, சர்க்கரை வந்து, காலில் புண்ணாகி, கிருமி ரத்தத்தில் ஏறி ஒருவர் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முழுச் சங்கிலியும் எழுதப்பட்டால் மூலம் கே 86இல் விழும். ‘செப்டிசீமியா, டயாபெடிஸ்’ என்று இரண்டே சொல்லில் முடித்தால் ஈ 14, அதாவது வகை குறிப்பிடாத நீரிழிவு. ‘இதயமும் மூச்சும் நின்றுவிட்டது’ என்று எழுதினால் எதுவுமே மிஞ்சாது. இறந்த எல்லோருக்கும் நடப்பது அதுதானே. இவ்வளவும் சான்று எழுதப்பட்ட மரணங்களைப் பற்றிய பேச்சு. 2020ஆம் ஆண்டு இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவச் சான்று பெற்றவை 22.5 சதவீதம்.

பட்டியல் போடுகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில், சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ஊட்டக்குறைவு நீரிழிவை ‘ஐந்தாம் வகை’ என்று ஏற்றுக்கொண்டது. அதற்கு வழி வகுத்த ஆராய்ச்சி வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் நிஹால் தாமஸும், நியூயார்க் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியின் மெரிடித் ஹாகின்ஸும் சேர்ந்து செய்தது. ஒல்லியாக இருந்து சர்க்கரை வந்த இளைஞர்களின் இன்சுலின் சுரப்பை அளந்து, இது முதல் வகையும் இல்லை இரண்டாம் வகையும் இல்லை என்று 2022இல் காட்டினார்கள். 1999இல் எழுந்து வெளியே போகச் சொன்ன வகை, கால் நூற்றாண்டு கழித்துத் திரும்ப உள்ளே வந்திருக்கிறது. வந்தது கல் இல்லாத பங்காளி. கல் உள்ளவர் பழைய இடத்தில்தான் இருக்கிறார்.

ஐ.சி.டி.-11 ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. ஒரு கோட்டோடு இன்னொரு கோட்டைச் சங்கிலியாகக் கோக்கலாம். கணையத்தையும் அதனால் வந்த சர்க்கரையையும் ஒரே கொத்தாகப் பதியலாம். 2024 ஜனவரியில் சித்த, ஆயுர்வேத, யுனானி நோய்ப்பெயர்களுக்கும் அதில் தனித் தொகுதி சேர்த்து டெல்லியில் வெளியிட்டார்கள். குன்மம் என்றும் சூலை என்றும் நம் பாட்டி சொன்ன வயிற்றுவலிகளில் எத்தனை கணையத்திலிருந்து வந்தனவோ, அந்தத் தொகுதி வழியாக யாராவது ஒருநாள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் பேராசை அது. இந்தியாவில் பெரும்பாலான பதிவுகள் இன்னும் ஐ.சி.டி.-10இல்தான் ஓடுகின்றன.

அதுவரை பலன் தரக்கூடியது டிஸ்சார்ஜ் சம்மரிதான். கணையக் கோளாறு என்று சொல்லி அனுப்பினால், வீட்டுக்குக் கிளம்பும் முன் அதை வாங்கிப் படித்துப் பாருங்கள். கல் உண்டா இல்லையா, சர்க்கரை கணையத்தால் வந்ததா, வலி எந்த வயதில் ஆரம்பித்தது, மதுப் பழக்கம் உண்டா இல்லையா என்ற நாலும் அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், “சார், இதையும் சேர்த்து எழுதிக் குடுங்க” என்று கேட்கலாம். கோபித்துக்கொள்கிற டாக்டர் குறைவு. காரணம் தேடியும் கிடைக்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதித் தரச் சொல்லலாம். கற்கள் தெரியும் அந்தப் பழைய எக்ஸ்ரே பிலிமைப் பரணில் போடாமல், சர்க்கரை டாக்டரிடம் போகும் ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டுபோங்கள்.